குட்டி ரயிலுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

தம்மம்பட்டிக்கு ரயில் கிடையாது. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையில், சுவேத நதி ஓடும் இந்த ஊரிலிருந்து தண்டவாளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆத்தூர்ப் பக்கம் போக வேண்டும். சேலம்–விருத்தாசலம் பாதை அந்த வழியாகத்தான் செல்கிறது. அதனால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு வாழ்க்கையின் முதல் ரயில் பயணம் பெரிய ரயிலில் நடப்பதில்லை. குட்டி ரயிலில்தான் நடக்கிறது. ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டி நடக்கும் பொருட்காட்சி, ஊட்டி படகு இல்லம், சென்னை ஐ.சி.எஃப் பக்கத்தில் 2002-இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகம், திருச்சியில் 2014-இல் வந்த ரயில்வே அருங்காட்சியகம் என்று எங்காவது ஓரிடத்தில் டிக்கெட் வாங்கி ஏறியிருப்பார்கள்.

இந்த ரயில்களில் பொருட்காட்சி ரயில்களுக்கு வியாபாரமே பொழுது சாய்ந்த பிறகுதான். ஆகவே எஞ்சினின் முகத்தில் இருக்கும் ஹெட்லைட் வெறும் அலங்காரம் அல்ல. ஆனால் அந்த விளக்கைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. பல்ப் ஃபியூஸ் போனால் கடையில் கிடைக்கும் இன்னொன்றை மாட்டுகிறார்கள். ‘இன்னும் பிரைட்டாக இருக்கட்டும்’ என்று தோன்றினால் லாரிக்குப் போடும் எல்.இ.டி விளக்கை வாங்கி முறுக்கிவிடுகிறார்கள். தண்டவாளத்தில் விழ வேண்டிய வெளிச்சம் பிள்ளைகளின் கண்ணில் விழுகிறது.

பெரிய ரயிலின் ஹெட்லைட் தரையிலிருந்து வெகு உயரத்தில் இருக்கும். குட்டி ரயிலின் ஹெட்லைட் இரண்டு அடி, மூன்று அடி உயரத்தில் இருக்கும். மூன்று நான்கு வயதுக் குழந்தை நின்றால் அதன் கண் ஏறக்குறைய அதே மட்டத்தில் வருகிறது. அதனால் இந்த விளக்கை மாற்றும்போது முதலில் கேட்க வேண்டியது எத்தனை வாட் என்பதை அல்ல. வெளிச்சம் எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்பதை.

பார்ப்பதற்கா, பார்க்கப்படுவதற்கா?

ரயில் விளக்குக்கு ஆதியிலிருந்தே இரண்டு வேலை. ஒன்று, ஓட்டுநருக்குப் பாதையைக் காட்டுவது. மற்றொன்று, ரயில் வருகிறது என்று மற்றவர்களுக்குச் சொல்வது. இந்த இரண்டும் ஒரே வேலை போலத் தோன்றும்; ஆனால் வேறு வேறு.

1830-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் கரோலைனாவில் பொறியாளர் ஹொரேஷியோ ஆலன் இரவில் ரயில் ஓட்ட ஒரு வழி கண்டார். எஞ்சினுக்கு முன்னால் ஒரு தட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அதன்மேல் மணல் பரப்பி, பைன் மரக் கட்டைகளை எரியவிட்டார். ரயிலுக்கு ஹெட்லைட் வந்த கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிறகு குழிந்த உலோகக் கண்ணாடிக்கு முன்னால் எண்ணெய் விளக்கு வந்தது. அதன்பின் கார்பன் வில் விளக்கு. நீராவியால் சுழலும் சின்ன டர்போ ஜெனரேட்டரில் எரியும் மின் பல்ப். பிறகு டீசல், மின்சார எஞ்சின்களின் சீல்டு பீம் விளக்கு என்று வரிசையாக வளர்ந்தது.

பிரிட்டனில் கதை வேறு திசையில் போயிற்று. அங்கே தண்டவாளத்தின் இருபுறமும் வேலி உண்டு. ஆடுமாடு குறுக்கே வருவது அரிது. ஓட்டுநர் நம்பியது சிக்னலை. அதனால் எஞ்சினின் முன்னால் தொங்கிய எண்ணெய் விளக்குகள் பாதையைக் காட்டவே இல்லை. அவை எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன என்பதை வைத்து, வருவது எக்ஸ்பிரஸா, பாசஞ்சரா, சரக்கு ரயிலா என்று சிக்னல் ஊழியர் தெரிந்துகொண்டார். முழுக்க முழுக்கப் பார்க்கப்படுவதற்கான விளக்குகள் அவை. வேலியில்லாத இந்தியப் பாதைகளுக்கு அது போதாது. நம்முடைய மீட்டர் கேஜ் ஒய்.பி. எஞ்சினின் நெற்றியில் பெரிய வட்ட ஹெட்லைட் உட்கார்ந்திருந்ததற்கு அதுவே காரணம்.

மாதிரி ரயில் செய்பவர்களுக்கு இந்த வரலாறு நேரடியாக உதவும். உலகெங்கும் ஆர்வலர்கள் 5 அங்குலம், 7¼ அங்குலத் தண்டவாளங்களில் மேலே ஏறி அமர்ந்து ஓட்டும் எஞ்சின்களைத் தங்கள் கையால் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 1927-இல் திறக்கப்பட்ட ராம்னி, ஹைத் அண்ட் டிம்சர்ச் ரயில்வே, 15 அங்குலப் பாதையில் நிஜ எஞ்சினின் மூன்றில் ஒரு பங்கு அளவில் ஓடுகிறது. பரோடா மன்னர் குடும்பத்துக் குழந்தைகளுக்காக அரண்மனைத் தோப்பில் ஓடிய சிற்றுருவ ரயில், பின்னாளில் வடோதரா சயாஜி பாக்கில் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஓடியது. இப்படிப்பட்ட எஞ்சினுக்கு விளக்கு வைக்கும்போது, அசல் எஞ்சினில் அந்த விளக்கு எதற்காக இருந்தது என்று தெரிந்தால், எவ்வளவு வெளிச்சம் தர வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

305 மீட்டர் கணக்கும் 15 மீட்டர் கணக்கும்

இன்றைய இந்திய மின்சார, டீசல் எஞ்சின்களில் இரட்டைக் கற்றை ஹெட்லைட் இருக்கிறது. அதற்கு ரயில்வே வைத்திருக்கும் தர அளவு இது: எஞ்சினிலிருந்து 305 மீட்டர் தொலைவில், தண்டவாளத்தின் நடுவே, குறைந்தது 3.2 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. பௌர்ணமி நிலவு தரையில் தருவது கால் லக்ஸ் அளவுதான். ஆயிரம் அடிக்கு அப்பால் பௌர்ணமியைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் வெளிச்சம் கேட்கிறது ரயில்வே.

விளக்கின் கற்றை ஒரு திசையில் எவ்வளவு வலுவாகப் போகிறது என்பதற்கான அலகு கேண்டெலா. தொலைவு இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். ஆகவே வேண்டிய லக்ஸைத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கினால் கேண்டெலா கிடைக்கும். 3.2-ஐ 305-ஆல் இரண்டு முறை பெருக்கினால் ஏறக்குறைய 2,98,000 கேண்டெலா. அமெரிக்க ரயில்களுக்கு அந்நாட்டு விதி கேட்பதும் இதே வரிசைதான்: குறைந்தது 2,00,000 கேண்டெலா.

இனி நம் குட்டி ரயிலுக்கு வருவோம். அது மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம், நொடிக்கு 2.2 மீட்டர். தண்டவாளத்தில் எதையோ பார்த்து, ஓட்டுநர் பிரேக்கில் கை வைக்க ஒன்றரை நொடி. அதற்குள் ரயில் 3.3 மீட்டர் நகர்ந்திருக்கும். பிரேக் பிடித்து நிற்க இன்னொரு மூன்றரை மீட்டர். ஆக 7 மீட்டர். ஈரத் தண்டவாளம், அதிகப் பாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மடங்காக்கி 15 மீட்டர் என்று கொள்ளலாம். அங்கே 5 லக்ஸ் வேண்டுமானால், 5 × 15 × 15 = 1,125 கேண்டெலா போதும்.

பெரிய எஞ்சினின் ஹெட்லைட்டில் இது ஏறக்குறைய 265-இல் ஒரு பங்கு. எஞ்சினின் நீளத்தையும் உயரத்தையும் எட்டில் ஒன்றாகச் சுருக்குபவர்கள் விளக்கையும் எட்டில் ஒன்றாகச் சுருக்கினால் போதும் என்று நினைக்கலாம். வெளிச்சத்தின் தேவை அளவோடு சுருங்குவதில்லை. நிற்கும் தொலைவின் வர்க்கத்தோடு சுருங்குகிறது. அதனால்தான் ஒரு லாரியின் ஹெட்லைட்டைக் கொண்டுவந்து குட்டி ரயிலில் மாட்டுவது தேவையில்லாத வேலையாகிறது. வேகம் மணிக்கு 8 கிலோமீட்டராக இருக்கும் வரை, அந்த வெளிச்சத்தின் பெரும்பகுதி எதிரில் நிற்பவரின் கண்ணைக் கூசவைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

வளைவில் தவறும் கற்றை

குறைந்த வெளிச்சத்தில் நிறையத் தொலைவைக் காட்ட ஒரு வழி உண்டு. தோட்டத்துக் குழாயின் முனையை விரலால் அழுத்தினால் அதே தண்ணீர் தூரமாகப் பாய்வதுபோல, கற்றையைக் குறுக்கினால் அதே ஒளி அதிகக் கேண்டெலாவாக மாறும். டார்ச் லைட் செய்பவர்கள் செய்வது அதைத்தான். பெரிய ரயிலுக்கும் அது பொருந்தும். அதன் வளைவுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆரம் கொண்டவை.

பூங்காவிலும் மைதானத்திலும் போடும் பாதை அப்படி இல்லை. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் குட்டி ரயில் திரும்பும்போது, பத்து மீட்டர் முன்னே இருக்கும் தண்டவாளம் எஞ்சினின் நேர்த்திசையிலிருந்து ஏறக்குறைய 19 டிகிரி விலகியிருக்கும். குறுகிய டார்ச் கற்றை அங்கே தண்டவாளத்தைத் தொடவே தொடாது. அது வளைவின் வெளிப்பக்கத்துக்குப் போகும். வளைவின் வெளிப்பக்கத்தில்தான் பெற்றோர் செல்போனோடும் கைக்குழந்தையோடும் வரிசையாக நிற்கிறார்கள்.

ஆகவே நமக்கு வேண்டியது அகலமாகவும், அதே சமயம் தட்டையாகவும் இருக்கும் கற்றை. குறுக்காக 40 டிகிரி, செங்குத்தாக 10 டிகிரி என்று நீள்வட்டமாக ஒளியைப் பரப்பும் பிளாஸ்டிக் லென்ஸுகள் எல்.இ.டி-க்கென்றே கிடைக்கின்றன. 3 வாட் எல்.இ.டி என்று விற்கப்படும் ஒரு சில்லு, 700 மில்லியாம்பியரில் ஏறக்குறைய 200 லூமென் தருவதாகக் கொள்ளுங்கள். லென்ஸில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும், மீதி அந்தத் தட்டைக் கற்றைக்குள் சராசரியாக 1,600 கேண்டெலா தரும். நமக்குத் தேவைப்பட்டதோ 1,125. மின்சாரம் செலவாவது இரண்டரை வாட்டுக்கும் குறைவு.

வளைவுகளுக்காக இப்படிப்பட்ட இரண்டு விளக்குகளை எஞ்சினின் முன்பக்கத்தில், தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில், இடமும் வலமுமாக வைக்கலாம். ஒவ்வொன்றையும் பத்து டிகிரி வெளிப்பக்கம் திருப்பிவிட்டால், நடுவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஓரங்களில் 30 டிகிரி வரை எட்டும். வளைவு எந்தப் பக்கம் போனாலும் ஒரு விளக்கு தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சாய்வைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினைச் சமதரையில், சுவருக்கு நேராக மூன்று மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சத் திட்டின் நடு, அந்தக் கோட்டுக்கு 30 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் தாழ்வு. இது 5.7 டிகிரி சாய்வு. கற்றையின் மேல் விளிம்பு நடுவிலிருந்து 5 டிகிரி மேலே இருப்பதால், அது கிடைமட்டத்துக்குச் சற்றே கீழே அடங்கிவிடும். அந்தக் கற்றை 40 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டி எழும்பாது. தண்டவாளத்தில் கிடக்கும் கல், செருப்பு, நிற்பவரின் கால் எல்லாம் தெரியும். நிற்கும் குழந்தையின் கண்ணில் கற்றை படாது. விளிம்புக்கு மேலே சிதறும் கொஞ்ச ஒளியையும் விளக்குக்கு மேல் வைக்கும் ஒரு துண்டுத் தகரம் தடுத்துவிடும்.

குண்டு பல்பை எடுத்து எல்.இ.டி மாட்டினால் போதுமா?

பழைய ஹெட்லைட்டின் உள்ளே குழிந்த ரிஃப்ளெக்டர் இருக்கிறது. அதன் வளைவு பரவளைய வடிவம். பரவளையத்துக்குக் குவியம் என்று ஒரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி எல்லாம் ரிஃப்ளெக்டரில் பட்டு இணையாக முன்னே போகும். குண்டு பல்பிலும் ஹாலஜனிலும் இழை இருக்கும் இடம் மிகத் துல்லியமாக அந்தக் குவியத்தில் வந்து அமரும்படி ஹோல்டரை வடிவமைத்திருப்பார்கள். ஒளிரும் இடம் அதிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே கற்றை சிதறும்.

அதே ஹோல்டரில் பொருந்தும் எல்.இ.டி பல்பை மாட்டும்போது நடப்பது அதுதான். ஹோல்டர் பொருந்துகிறது; ஒளி பொருந்துவதில்லை. இழை எல்லாத் திசையிலும் ஒளி வீசும். எல்.இ.டி சில்லோ ஒரு பக்கமாக மட்டும் வீசும். சில்லுகளை ஒரு தண்டின் இரண்டு பக்கத்திலும் ஒட்டிச் செய்யும் பல்புகளில் ஒளி குவியத்தில் இல்லாமல் அதைச் சுற்றிப் பரவியிருக்கிறது. பாதையில் கரும்பட்டைகளும், எதிரில் வருபவருக்குக் கண்கூச்சமும் மிச்சம். ஆகவே பழைய ரிஃப்ளெக்டரை வைத்துக்கொண்டு பல்பை மட்டும் மாற்றாதீர்கள். சில்லு, அதற்கென்று செய்த லென்ஸ், வெப்பம் வெளியேறும் தகடு மூன்றையும் ஒரே தொகுப்பாக மாற்றுங்கள்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. எல்.இ.டி சூடாகாது என்று சொல்வார்கள். கண்ணாடியின் முன் கை வைத்துப் பார்த்தால் சூடு தெரியாது என்பது உண்மைதான். குண்டு பல்ப் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக முன்னால் வீசும், எல்.இ.டி அப்படி வீசாது. ஆனால் எல்.இ.டி எடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. அது சில்லின் முதுகு வழியாக வெளியேற வேண்டும். வழியில்லையென்றால் சில்லின் வெளிச்சம் மங்கும், ஆயுள் குறையும். சித்திரை வெயிலில் காய்ந்த தகர பானெட்டுக்குள் இருக்கும் காற்றே 50 டிகிரியை எட்டலாம். அதற்குமேல் சில்லின் சூடும் சேர்கிறது. நான்கு சதுர அங்குல அலுமினியத் தகட்டில் வெப்பப் பசை தடவி இறுக்கினால், இந்த அளவு விளக்குக்குப் போதும்.

தம்மம்பட்டியில் இதைச் செய்பவர் ஒரு விஷயத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இங்கே மரத்தைச் செதுக்கும் கை பரம்பரையாக இருக்கிறது. தேருக்கும் வாகனத்துக்கும் உருவம் கொடுத்துவரும் இந்த ஊரின் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நீராவி எஞ்சினின் அந்தக் காலத்து ஹெட்லைட் கூண்டை வாகை மரத்தில் கடைந்தால் தகரத்தில் வராத அழகு வரும். ஆனால் மரம் வெப்பத்தைக் கடத்தாது. மரக்கூண்டுக்குள் எல்.இ.டி-யை அப்படியே ஒட்டினால் சில்லின் சூடு உள்ளேயே தேங்கும். கூண்டின் பின்சுவரை அலுமினியத்தில் வைத்து, அதன் முதுகு வெளிக்காற்றைத் தொடும்படி விட்டால் அழகும் கிடைக்கும், விளக்கும் நிலைக்கும்.

24 வோல்ட்டில் இருந்து மூன்று வோல்ட்டுக்கு

இந்த ரயில்கள் பலவற்றில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் மோட்டார் ஓட்டுகிறார்கள். விளக்கு 12 வோல்ட் என்பதால், இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்து விளக்கு எரியவைப்பது எளிய வழியாகத் தெரியும். பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. விளக்கு எரியும் பேட்டரி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். சார்ஜர் இரண்டையும் ஒன்றாகத்தான் ஏற்றும். ஆகவே இறங்கிய பேட்டரி முழுதாக நிரம்பாமலே நிற்கும். நிரம்பிய பேட்டரி மேலும் மேலும் ஏறிக் கொதிக்கும். சில மாதங்களில் இரண்டும் வீணாகும். மல்டிமீட்டரை இரண்டு பேட்டரியிலும் தனித்தனியாக வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

விளக்குக்கு மின்சாரம் எப்போதும் முழு 24 வோல்ட்டிலிருந்து வர வேண்டும். இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது: 24 என்பது பெயருக்குத்தான். சார்ஜ் ஆகும்போது 28 வோல்ட்டைத் தாண்டும். பத்துப் பிள்ளைகளோடு மேட்டில் ரயில் கிளம்பும்போது 21, 22-க்கு இறங்கும். மோட்டாரை நிறுத்தும் கணத்தில் அதைவிட மிக உயர்ந்த மின்னழுத்தம் ஒரு துடிப்பாகப் பாயும். வெள்ளை எல்.இ.டி-க்கு வேண்டியதோ மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேல். அந்த மூன்று வோல்ட் சிறிது கூடினாலே அதில் பாயும் மின்னோட்டம் பல மடங்கு கூடும். இழை பல்ப் சூடாக ஆக அதன் மின்தடையும் கூடித் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், எல்.இ.டி-க்கு அந்தக் குணம் இல்லை. சூடானால் இன்னும் அதிகம் எடுக்கும்.

அதனால் எல்.இ.டி-க்கு மின்னழுத்தத்தைவிட மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் சின்னச் சர்க்யூட் தேவை. கடைகளில் எல்.இ.டி டிரைவர் என்று கேட்டால் தருவார்கள். உள்ளே வரும் மின்னழுத்தம் ‘9–32 வோல்ட்’ என்று அதன்மேல் அச்சிட்டிருந்தால் லாரிக்கும் ஆகும், நம் ரயிலுக்கும் ஆகும். லாரி பாடி கட்டும் நாமக்கல்லிலும், போர்வெல் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டிலும் இது புதிய பொருள் அல்ல. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஒரு ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும். ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. ஆகவே அது வயரின் தொடக்கத்தில்தான் இருக்க வேண்டும். எஞ்சினின் இரும்புச் சட்டத்தையே நெகட்டிவாகப் பயன்படுத்தாமல், இரண்டு வயரும் தனியாக ஓடட்டும்.

சேமிப்பும் சின்னதல்ல. 55 வாட் ஹாலஜன் ஒன்று மாலை ஐந்து மணி நேரம் எரிந்தால் 275 வாட்-மணி தின்னும். 24 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரித் தொகுப்பில் இருப்பதே 960 வாட்-மணி. அதில் கால் பங்குக்கு மேல் விளக்குக்கே போய்விடும். பாதைக்கு இரண்டு எல்.இ.டி, எஞ்சினின் முகத்தில் ஒரு சிறு விளக்கு, வால்விளக்கு எல்லாம் சேர்ந்தும் 7 வாட் என்றால், அதே ஐந்து மணி நேரத்துக்கு 35 வாட்-மணிதான் ஆகும். மிச்சமாகும் மின்சாரத்தில் ரயில் இன்னும் பல சுற்று ஓடும்.

முகத்துக்கு ஒன்று, பாதைக்கு ஒன்று

பாதையைக் காட்டும் வேலையைக் கீழே இருக்கும் இரண்டு விளக்குகளிடம் கொடுத்துவிட்டோம். எனவே எஞ்சினின் முகத்தில் இருக்கும் ஹெட்லைட்டுக்கு ஒரே வேலைதான் மிச்சம்: ரயில் வருகிறது என்று சொல்வது. அதற்கு அரை வாட்கூட அதிகம். கண்ணாடிக்குப் பின்னால் பால் நிற அக்ரிலிக் தகடு வைத்து, அதன் பின்னே மங்கலான எல்.இ.டி வைத்தால் முகம் முழுவதும் சீராக ஒளிரும். எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் கூசாது. பிள்ளைகள் உற்றுப் பார்க்கத்தான் செய்வார்கள், அதற்காகத்தானே அந்த முகம்!

இந்தப் பிரிவினை புதிதல்ல. அமெரிக்க ரயில்வே பாதுகாப்பு விதி, 1997 டிசம்பர் 31-க்குள் எஞ்சின்களின் முன்பக்கத்தில் ஹெட்லைட்டுக்குக் கீழே இரண்டு துணை விளக்குகள் வைக்க வேண்டும் என்றது. மேலே ஒன்று, கீழே இரண்டு என்று முக்கோணமாகத் தெரிவதால், லெவல் கிராசிங்கில் நிற்பவர் ரயில் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று சுலபமாக மதிப்பிட முடிகிறது. ஒற்றை விளக்கில் அந்த மதிப்பீடு தவறும். இந்திய ரயில் ஓட்டுநர்களும், எதிரே இன்னொரு ரயில் வரும்போதும் நிலையத்தில் நிற்கும்போதும் ஹெட்லைட்டைத் தணித்துக்கொள்கிறார்கள். குட்டி ரயிலின் பிளாட்பாரத்தில் வண்டி நிற்கும்போது பாதை விளக்குகள் தானாக அணைந்து, முகவிளக்கு மட்டும் எரியும்படி ஒரு சுவிட்ச் வைப்பது அதே ஒழுங்குதான்.

நிறத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. வெள்ளை எல்.இ.டி உண்மையில் நீல எல்.இ.டி. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் பூச்சு நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்.இ.டி-யைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் ஜப்பானில் பிறந்த அகசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு தரப்பட்டது. பூச்சு குறைவாக இருந்தால் 6,500 கெல்வின் என்று விற்கப்படும் பளீரென்ற வெள்ளை. கூடினால் 3,000 கெல்வினின் இளமஞ்சள். நீலம் மிகுந்த வெளிச்சம் கண்ணுக்குள் அதிகம் சிதறிக் கூசும். குழந்தைகளின் கண்வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது. நீலத்தை அதிகமாக உள்ளே விடும். பூச்சிகளும் நீலத்துக்குத்தான் அதிகம் வரும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் மாலைகளில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஆகவே முகத்துக்கும் பாதைக்கும் 3,000 கெல்வினே சரி. நீராவி எஞ்சினுக்கு அது அசலான நிறமும்கூட.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டிம்மர் வைப்பவர்கள் அதன் துடிப்பு வேகத்தையும் பார்க்க வேண்டும். மலிவான டிம்மர்கள் எல்.இ.டி-யை நொடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்து ஏற்றியே வெளிச்சத்தைக் குறைக்கின்றன. அந்த ஒளியில் சுழலும் சக்கரத்தின் வேகம் கண்ணுக்குத் தவறாகத் தோன்றக்கூடும். வேகத்தைத் தவறாக எண்ணி விரல் நீட்டும் குழந்தைக்கு அது ஆபத்து. செல்போன் கேமராவை விளக்கின் முன் காட்டி, திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் துடிப்பு வேகம் போதவில்லை. சில ஆயிரம் முறை துடிக்கும் டிம்மராக மாற்றிவிடுங்கள்.

இதில் எதுவும் ஆராய்ச்சிக்கூடத்து வேலை அல்ல. ஆத்தூரிலும் நாமக்கல்லிலும் லாரிக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியனுக்கு இந்தப் பாகங்களில் பல அன்றாடம் கையில் புழங்குபவை. அவருக்குச் சொல்ல வேண்டியது ‘நல்ல பிரைட்டாகப் போடுங்கள்’ என்பதல்ல. ‘15 மீட்டருக்குத் தண்டவாளம் தெரிய வேண்டும், விளக்கின் மட்டத்துக்கு மேலே ஒளி போகக் கூடாது’ என்பது. பொருட்காட்சி ராட்டினங்களுக்கு அனுமதி தரும் அதிகாரிகளும் போல்ட்டையும் பிரேக்கையும் சோதிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: இருட்டிய பிறகு தண்டவாளத்தின் முன் குந்தி உட்கார்ந்து, ஒரு குழந்தையின் கண் மட்டத்திலிருந்து அந்த ஹெட்லைட்டை நேராகப் பார்ப்பது. கண்ணை மூடத் தோன்றாவிட்டால் விளக்கு சரியாக இருக்கிறது.